டீஃப்ராக் ஓட்டிய சாயங்காலம்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் என்ன செய்வது என்று சாந்தோம் பக்கம் யாரைக் கேட்டாலும், "மாசம் ஒருக்கா டீஃப்ராக் பண்ணுங்க" என்பார்கள். எங்கள் சர்ச் பங்குக்கே அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஸ்தனிஸ்லாஸ் சார் சொன்னால் வேதவாக்கு. நீயும் என் வகுப்பில்தான் அதைப் படித்தாய், ஷோயப். இன்று லஸ்ஸில் கடை போட்டு, அழிந்துபோன ஃபைல்களை மீட்டுத் தருகிறாய். எனக்குப் பெருமைதான்.

"இந்த மெஷின்ல டீஃப்ராக் யாரு சார் ஓட்டினது?" என்று கேட்டாய். ஃப்ளோரா சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். உட்கார்.

உண்மையில் டீஃப்ராக்கால் பெரிய பிரயோஜனம் ஒன்றுமில்லை. பழைய சுழலும் டிஸ்க்கில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், அதையும் விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும். புது எஸ்எஸ்டிக்குத் தேவையே இல்லை. ஆனாலும் நான் மாதாமாதம் ஓட்டுவேன். டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளெல்லாம் வரிசைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். வீட்டிலும் நான் அப்படித்தான். என் மகள் ஷெரிலுக்குத்தான் வரிசை என்றாலே ஆகாது.

ஈஸ்டர் பாட்டைப் பாடிப் பதிவு செய்யச் சொல்லி அவளை அறையில் உட்காரவைத்தேன். பாதியில் எழுந்து வந்துவிடுவாள் என்பதால் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இளைப்பு வந்திருக்கிறது. "டாடி, பம்ப்... பம்ப் குடுங்க டாடி" என்றாள். ஆஸ்துமா பம்ப் பாதி மருந்தோடு என் சட்டைப் பையில் இருந்தது. பாட்டிலிருந்து தப்பிக்க அதை ஒரு சாக்காக வைத்திருந்தாள் என்பது என் எண்ணம். "நடிக்காத. பாடி முடி" என்றேன். பிறகு சத்தம் அடங்கியது. அடம் தீர்ந்தது என்று நினைத்துப் பேப்பர் படித்தேன்.

ஃப்ளோரா வேலையிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பம்ப் தீர்ந்துபோயிருந்தது என்று சொன்னேன். புதுசு வாங்குவது அவள் பொறுப்பு, அந்த வாரம் மறந்திருந்தாள். "நானே கொன்னுட்டேங்க" என்று அன்று அழ ஆரம்பித்தவள்தான்.

அடக்கம் முடிந்து வந்ததும் பதிவைக் கேட்டேன். எல்லாம் விழுந்திருந்தது, தாழ்ப்பாள் சத்தம் உட்பட. அழித்துவிட்டேன். அதன்பிறகு அந்த மெஷினை யாரும் ஆன் செய்யவில்லை.

போன மாதம்தான் ஃப்ளோராவுக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. தவறி அழிந்துவிட்டது என்றேன், உனக்குப் போன் போட்டாள். "கம்ப்யூட்டர ஆன் பண்ணாதீங்க ஆன்ட்டி. அழிச்சது உள்ளதான் கீது. அது மேல வேற எதுவும் வந்து உக்காரக் கூடாது, அவ்ளோதான்" என்றாய். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

நான் வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? நின்றுபோன பிள்ளையின் பெயரை வருகைப் பதிவில் அடித்துவிட்டோம், பை மட்டும் பெஞ்சிலேயே கிடக்கிறது, வேறு பிள்ளை வந்து உட்காரும்வரை. ஃபைலை அழிப்பதும் அவ்வளவுதான். நீ போனில் சொன்ன மறுநாள், ஃப்ளோரா சாயங்காலப் பூசைக்குப் போனதும் டீஃப்ராக் ஓட்டினேன். டிஸ்க் நிரம்பி வழிந்தது. நகர்த்துகிற ஒவ்வொன்றும் மிச்சமிருந்த காலி இடத்தில்தான் போய் உட்கார வேண்டும். முடிந்ததும் மறுபடி ஓட்டினேன்.

டிஸ்க் கரகரக்கும்போது, நடுவில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. பழைய மெஷினில் அப்படியெல்லாம் சத்தம் வரும். ஆனால் மெஷின் இப்போது உன் கடையில் கிடக்கிறது, வீட்டில் அது இன்னும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஷோயப். போய்த் தாழ்ப்பாளைத் திறந்து பார்க்கிறேன். யாரும் இல்லை. மறுபடி தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருகிறேன்.

"டிஸ்க் கெட்டுப்போச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிடு. உண்மையை அவள் தாங்க மாட்டாள். அவளுக்கென்று இருப்பது நான் ஒருவன்தான். "இதுக்கப்புறமும் நீங்க எப்படிங்க என்கூட இருக்கீங்க?" என்று அவளே கேட்பாள். மகளைப் பறிகொடுத்த நான் அவளை இதுவரை ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

அதோ, படியேறி வருகிறாள். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. பம்ப் வாங்க மறந்ததற்காக அவளை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.