வேலாயுதத்தின் உருளை

மணி ஏழே முக்கால். காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டைக்குப் போகிற சாலை. வருஷம் எழுபத்து மூன்று. தெருவிளக்கு கிடையாது… இரண்டு பக்கமும் புளியமரம். ஒரு சைக்கிள் டைனமோவின் உர்ர்… அதைத் தவிர வேறு சத்தமில்லை. கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். அந்தச் சைக்கிளில் போனது நம் சிநேகிதர் உமாபதியின் சித்தப்பா, தர்மன்.

ஊருக்கு ஒரு மைல் முன்னால், வயல் நடுவே, தணிகாசலம் என்பவரின் தகரக் கூரைப் பட்டறை. கண்ணாடி நூலில் நெய்த துணியை ரெசின் என்கிற பிசினில் முக்கி, இரட்டை உருளைக்கு நடுவே விட்டுப் பிழிவார்கள். வெளியே எரியும் கரி அடுப்பின் சூடு குழாய்வழி வரும் பெட்டிக்குள் அதை ஓடவிட்டுப் பாதி காயவைப்பார்கள். முழுக்கக் காயக்கூடாது. தொட்டால் விரல் ஒட்ட வேண்டும், ஆனால் ரெசின் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் சுருட்டி மதராசுக்கு அனுப்பினால், அங்கே அடுக்கி அழுத்திப் பலகையாக்குவார்கள். இரும்பு மாதிரி இருக்கும்.

தர்மன் பட்டுத்தறியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன். பட்டறையில் முதல் ஆள் அவன்தான். ஒரு வருஷம் கழித்து மாகறலிலிருந்து வேலாயுதம் வந்தான். விவசாயி வீட்டுப் பிள்ளை. தறி பக்கமே போனதில்லை. பக்கத்து உருளையை அவனிடம் கொடுத்தார்கள். மூன்றே மாதம்… தணிகாசலம் அவன் போட்ட துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு குமிழி இல்லை.

"தர்மா, இவன் கையப் பாத்து கத்துக்கபா."

அன்றைக்குத் தர்மனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் தினமும் வேலாயுதத்தின் விரல்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கற்றுக்கொள்வதற்காக அல்ல. "பதம் வந்துட்சாண்ணே?" என்று வேலாயுதம் சாதாரணமாகக் கேட்டாலும் இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடி மாதம் வேலாயுதத்துக்கு மஞ்சள் காமாலை. பன்னிரண்டே நாள். சுடுகாட்டில் எல்லோரும் அழுதார்கள். தர்மனும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்… துண்டுக்குள் அந்த முகம் எப்படி இருந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

செத்தும் ஓயவில்லை. தர்மன் போட்ட ஒவ்வொரு ரோலையும் பார்த்து முதலாளி பெருமூச்சு விட்டார். "வேலாயுதம் இருந்திருந்தா…"

பகலில் கரண்ட் வெட்டு என்பதால் ராத்திரியில்தான் வேலை. முதலில் சொன்னேனே, அந்த ராத்திரி துணை ஆள் வரவில்லை. தர்மன் தனியாகவே மோட்டாரைப் போட்டான். பக்கத்து உருளை சாக்கு மூடிக் கிடந்தது. ரெசினில் கலந்த ஸ்பிரிட் வாடை… ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. மோட்டார் அடங்கியது. டொப்… டொப்… தொட்டியில் ரெசின் சொட்டுகிற சத்தம். தீக்குச்சி கிழிக்க முடியாது. ஸ்பிரிட் ஆவியில் பட்டறையே பற்றிக்கொள்ளும். இருட்டில் அப்படியே நின்றான்.

கிர்ர்ர்…

பக்கத்து உருளை.

கையை நீட்டினான். சாக்கு இல்லை. துணி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்கு அடியில் ஈரமாக, வழவழவென்று… ஒரு குமிழி இல்லை.

கதவு ஆறடி தூரம்தான். ஓடியிருக்கலாம். ஆனால் பயத்தையும் மிஞ்சிக்கொண்டு வேறொன்று ஏறி வந்தது.

"செத்துங்கூட உடமாட்டியாடா?"

கிர்ர்ர்… இப்போது கொஞ்சம் வேகமாக.

தர்மன் தன் உருளையின் கைப்பிடியைப் பிடித்தான். கையாலேயே சுற்ற ஆரம்பித்தான். விடியும்வரை இரண்டு உருளையும் நிற்கவில்லை.

காலையில் தணிகாசலம் வந்தார். தரையில் இரண்டு ரோல். ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "பரவால்லபா" என்றார். மற்றதை வெளிச்சத்தில் விரித்தார். உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது யாருபா போட்டது?"

"நான்தான்" என்றான் தர்மன்.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்… அவன் திரும்பவில்லை.

அன்று முதல் துணைக்கு ஆள் வேண்டாமென்று சொல்லிவிட்டான். தினமும் காலையில் இரண்டு ரோல். முதலாளி அவனைத் தலையில் வைத்துக் கூத்தாடினார். தர்மன் மட்டும் இளைத்துக்கொண்டே போனான்.

இரண்டு வருஷத்தில் ஆர்டர் நின்று பட்டறையை மூடினார்கள். உருளை, தொட்டி, மோட்டார் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றிவிட்டார்கள். வெறும் நாலு சுவர்.

அப்புறமும் தர்மன் பொழுது சாய்ந்தால் சைக்கிளை எடுத்துவிடுவான். தடுத்தால் அடிக்க வருவான். திரும்புவது விடியற்காலையில். கதவைத் திறக்கிற மனைவி காந்தா பார்ப்பாள்… முழங்கைவரை ரெசின். காயாமல், பிசுபிசுவென்று.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "அங்கதான் ஒண்ணுமே இல்லியே. ராவெல்லாம் இன்னாதான் பண்ணிக்கினு இருக்கீங்க?"

தர்மன் வாசற்படியில் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கும் அவன்துதான்மா நல்லா இருந்திச்சி."