மான் இழுக்கப் போன செபமாலைமுத்து இறந்தது பற்றி

என் பெயர் ஆறுமுகம் சபாரத்தினம். வயது எழுபத்து மூன்று. எழுத வாசிக்கத் தெரியாது. லண்டன் பிளேஸ்டோவில் என் தமக்கையின் மகன் பாலேந்திராவின் இறைச்சிக் கடைக்கு மேல்மாடியில் வசிக்கிறேன். இறந்துபோன செபமாலைமுத்து அகதியாக வந்து அந்தக் கடையில் வேலை செய்தவன். நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம்.

1994 செப்டம்பரில், லண்டனுக்கு வெளியே குடிதண்ணீர் ஏரியைச் சுற்றிக் காவல் போட்டு வைத்திருந்த காட்டை மான் சுடுவதற்குத் திறந்துவிட்டார்கள். மான்கள் இளமரக்கன்றுகளைத் தின்று தீர்ப்பதால் திறந்ததாகப் பாலேந்திரா சொன்னான். சுட்டு விழுத்தும் மான்களைப் பற்றைக்குள்ளிருந்து இழுத்துக் கொடுத்தால் இறைச்சியில் பங்கு தருவதாக அவனுக்குப் பேச்சு. சனிக்கிழமைகளில் செபமாலைமுத்து இழுப்பான், நான் கடை வான் வண்டிக்குள் தார்ப்பாய் விரிப்பேன்.

முதல் நாளே, காட்டைத் திறக்கக்கூடாது என்று வாசலில் மறித்து நின்றவர்களில் ஒரு வெள்ளைக்கார மனுசி எங்களைக் கண்டு, தன் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக் காட்டிவிட்டு, கைத்தோலைக் கிள்ளிக் காட்டினாள். "விசரி, பைத்தியம், பாக்காமல் வாங்கோ" என்றான் பாலேந்திரா. இரண்டொரு நாளில் செபமாலைமுத்துவின் முழங்கைக்குக் கீழே ஓர் உண்ணி இரத்தம் குடித்து ஊதிப்போய் இருந்தது. நான் பிடுங்கி எறிந்தேன்.

அதன் பிறகு அந்த இடத்தில் சிவந்த வட்டம் வந்து உள்ளங்கை அளவுக்குப் பரந்தது. பாலேந்திராவின் மனைவி வசந்தமலர் அதைப் படர்தாமரை என்று சொல்லி, தனிக்கோப்பை கொடுத்து, சமைக்கிற குசினிக்குள் வரவேண்டாம் என்று படியில் சாப்பாடு வைத்தாள். "டேய் படர்தாமரை, நாய் வாய் வைக்க முதல் எடு" என்று கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் நாய் இல்லை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை, அந்த மனுசி வான் கண்ணாடியூடாக வட்டத்தைக் கண்டு, தன் கையில் விரலால் வட்டம் கீறி, "டொக்டர், டொக்டர்" என்று கத்தினாள். பாலேந்திரா கண்ணாடியை ஏற்றினான்.

"தம்பி, இவனை ஒருக்காக் காட்டுவம்" என்றேன்.

"காட்டிலை பிடிச்ச நோய் வருத்தம் எண்டு தெரிஞ்சால் காட்டைப் பூட்டிப்போடுவாங்கள் அம்மான். பிறகு நீங்களோ மான் தருவியள்?"

அதன் பிறகு செபமாலைமுத்துவின் முகம் ஒரு பக்கம் கோணியது. கண் மூடாது. சோறு வாயோரத்தால் விழும். பாலேந்திரா கடைக்கு வந்தவர்களுக்கு முன்னால், "இப்ப ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்படா, பொம்பிளை பாக்கிற கரைச்சல் மிச்சம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் அரைவாயால் சிரித்தான்.

நவம்பரில் அவன் இறைச்சி வெட்டும்போது மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் பாலேந்திராதான் ஆங்கிலம் பேசினான். டொக்டர் கேட்டதில் "ஃபொரெஸ்ட்" என்ற சொல் எனக்கு விளங்கியது. பாலேந்திரா "நோ, நோ, ஷொப்" என்றான். நான் எழுந்து "ஃபொரெஸ்ட், யெஸ்" என்று சொல்லி, என் கையில் வட்டம் கீறிக் காட்டினேன். பாலேந்திரா என்னைச் சுட்டி, தன் நெற்றிப்பொட்டில் விரலால் தட்டினான். டொக்டர் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். செபமாலைமுத்து, "விடுங்கோ ஐயா, வேலை போனால் நான் எங்கை போறது" என்றான். சத்து மாத்திரை தந்து அனுப்பினார்கள்.

அந்தக் கிழமை முடிய முன்னமே, ஒருநாள் காலையில் நான் அவனை எழுப்பப் போனபோது உடல் குளிர்ந்திருந்தது.

அதன் பிறகு, உண்ணியால் வந்த வருத்தம் இதயத்தைப் பிடித்ததென்றும், முன்னமே தெரிந்திருந்தால் மருந்தில் சுகம் வந்திருக்கும் என்றும், எங்கே கடித்ததென்று தெரியாதெனப் பாலேந்திரா பொலிசாருக்குச் சொன்னதாகவும், அடக்கம் செய்ய வந்த யேசுரட்ணம் சுவாமியார் எனக்குச் சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை காலை, பாலேந்திரா செத்தவனுடைய சப்பாத்தை என் கட்டிலடியில் வைத்து, "அம்மான், போட்டுப் பாருங்கோ. இனி நீங்கள்தான் இழுக்க வேணும். வான் கீழை நிக்குது" என்றான்.

போட்டேன். அளவாக இருந்தது. வானில் ஏறாமல், அதோடேயே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து வந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் கல்யாணி தமிழில் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. கையொப்பம் வைக்கத் தெரியாததால் இடது பெருவிரலைப் பதிக்கிறேன்.

(பெருவிரல் அடையாளம்)
ஆ. சபாரத்தினம்