அளவெடுத்துச் செய்த அலமாரி

பழைய அலமாரி வாங்கப் போனால் முதலில் கதவைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும், சார். கரப்பான் வாடை அடித்தால் வெயிலில் வைத்துப் போக்கிவிடலாம். ஈர வாடை மட்டும் போகவே போகாது. நான் பார்த்த அலமாரியில் பாச்சை உருண்டை வாடைதான் அடித்தது. அதனால் அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

எனக்குத் தொழில் தையல். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மரச்சாமான்களை வாங்கி வந்து தேய்த்துப் புதுசாக்குவேன். கடையில் புதுசாக வாங்கிக் கொடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் தங்கை வீட்டு முக்காலி, சாப்பாட்டு மேசை எல்லாமே நான் செய்து கொடுத்தவைதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணி வைத்ததுவரை எல்லாம் நான். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்ததுதான். தங்கமான மனிதர், ஆள் கொஞ்சம் குள்ளம். ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"மச்சான், வெளியூர்ல நல்ல வேலை ஒண்ணு கெடச்சிருக்கு. வருஷக் கடைசில கெளம்பிடலாம்னு இருக்கோம்."

"தங்கச்சி என்ன சொல்றா?"

"என்னைவிட அவதான் குதிக்கிறா. நீங்க தனியா இருப்பீங்களேன்னு மட்டும்தான் அவளுக்குக் கவலை."

தட்டுகளைக் கழுவி வைத்தேன். மறுநாள் அலமாரி பார்க்கப் போனேன். அவர்களுடைய கல்யாண நாள் வந்துகொண்டிருந்தது.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு இருந்தது பயம். அவள் கல்யாணமாகிப் போன அன்று இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். அப்போது அடுத்த தெருவில்தானே இருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்ள முடிந்தது.

கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். "அண்ணே, முன்பக்கம் கனம் ஜாஸ்தி. பின்னால இருக்கற இரும்புப் பட்டைய சுவத்தோட சேத்து முடுக்கிடுங்க, இல்லேன்னா சாஞ்சிடும்." நாணயமான ஆள். அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

பழைய பாலிஷை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தேன். விரிசல்களில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். பட்டை துருப்பிடித்திருந்தது, கழற்றிவிட்டேன். புதுப் பட்டை போடவில்லை. அவர்கள் இருக்கும் வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? முன்கால்கள் இரண்டையும் லேசாக இழைத்தேன். சொன்னால்தான் தெரியும்.

நான் ஆசை ஆசையாகச் செய்தது மேல் தட்டைத்தான். அவர்களிடம் கம்பளிகள் அடைத்த பெரிய பயணப் பெட்டி ஒன்று உண்டு. அதை வைப்பதற்காகவே அந்தத் தட்டு. மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு நான் தைத்தது, அவர் தோள் உயரமும் கை நீளமும் எனக்கு மனப்பாடம். கையைத் தூக்கினால் எதுவரை எட்டும் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்து, அதற்கு ஒரு சாண் மேலே தட்டை அடித்தேன். தங்கை நெட்டை, நின்றபடியே அவளுக்கு எட்டும். அவள் எதன் மீதும் ஏற வேண்டியிருக்காது. அவள் விஷயத்தில் நான் எப்போதுமே கவனமாக இருப்பேன். கனமான பெட்டியை அவளைத் தூக்க விடவும் மாட்டார் மாப்பிள்ளை. அந்த ஒன்றில் அவரைக் குறையே சொல்ல முடியாது.

கல்யாண நாளன்று கொண்டுபோய் நிறுத்தி, பெட்டியை நானே தூக்கி மேல் தட்டில் வைத்தேன், நானும் நெட்டைதான். அலமாரியைத் தடவித் தடவிப் பார்த்து அவள் அழுதாள். "இத எப்படிண்ணா விட்டுட்டுப் போவேன்?" போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. யாரையும் வற்புறுத்துவது என் குணமில்லை.

ஒன்று யோசித்துப் பாருங்கள், சார். மாதக் கணக்கில் அந்த அலமாரி ஆடாமல் அசையாமல் நின்றது. சட்டை எடுத்தார், துண்டு எடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. ஊரைவிட்டுப் போக அவராக முடிவுசெய்து பெட்டிக்குக் கை நீட்டிய அன்றுதான் அது அவர் மேல் சாய்ந்தது. பெட்டியைத் தொடாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். முடிவை அவர் கையில்தான் விட்டிருந்தேன்.

அந்தப் பட்டை என் தையல் மேசை இழுப்பறையில், பட்டன் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. கடையைக் கலைத்துப் போடாதீர்கள். ஊரார் தைக்கக் கொடுத்த துணிகள் இருக்கின்றன.

அலமாரியின் கீழ் இழுப்பறையை இழுத்து அதன் மேல் ஏறலாம் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டீர்கள். நான்தான் சொன்னேன். "ஸ்டூல் எதுக்கு மாப்ளே? இதுல கால வெச்சு ஏறுங்க, யானையே ஏறலாம்" என்றேன். "எங்க, நீங்க ஏறிக் காட்டுங்க மச்சான்" என்று சிரித்தார். முழங்கால் வலி என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தங்கை பக்கத்து அறையில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் வந்து சொன்னதே அவள்தான் என்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவள் ஆயிரம் சொல்வாள், நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

நேற்றுவரை என் வீட்டில், அவளுடைய பழைய அறையில்தான் இருந்தாள். வந்த அன்றைக்கே நான் செய்து வைத்திருந்த கட்டில், நாற்காலி, கண்ணாடி மேசை எல்லாவற்றையும் கூடத்துக்குத் தள்ளிவிட்டாள். அறை நடுவில், எந்தச் சுவரையும் ஒட்டாமல், வெறுந்தரையில் படுத்தாள். அந்தக் கட்டில் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவள் தூங்கும்போதே புதுக் கட்டிலுக்கு அளவெடுத்துவிட்டேன், சார். பலகைகளை இழைத்தாயிற்று. கால்கள் மட்டும்தான் பாக்கி.