பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும், மறைந்த நம் காப்பாட்சியர் ஐயாவின் தங்கை அவர்களே, நம் அருங்காட்சியகத்தின் பிரிவுத் தலைவர்களே, ஊழியர்களே, வணக்கம்!

ஐயாவைப் புகழ எனக்குத் தகுதி இல்லை. இருபத்தோராண்டுகள் அவரை எதிர்த்தவன் நான். பழம்பொருள்களைச் சுத்தம் செய்யும் ஆய்வுக்கூடப் பிரிவின் தலைவன். வாளும் நாணயமும் வந்துகொண்டிருந்த என் மேசைக்கு அவர் எதைக் கொண்டுவந்தார்? பேஜர்! கேசட் பிளேயர்! ஓடாத மிக்சி! "இதென்ன பழைய இரும்புக் கடையா?" என்று கேட்டேன். நீங்களெல்லாம் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அது அவரைச் சுட்டிருக்கும் என்று அன்று நமக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் ஒரு டிவி ரிமோட் வந்தது. மேலே பழுப்பேறிய பிளாஸ்டிக் உறை, இரண்டு சுற்று ரப்பர் பேண்ட். நான் என்ன செய்தேன்? உறையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, ரிமோட்டைப் பளபளவென்று துடைத்து அனுப்பினேன். ஐயா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், அந்த உறை எங்க?"

"ஒரே பிசுக்கு ஐயா அது."

"அதுதான் சார் பொருளே! ரிமோட்டை கம்பெனி செஞ்சுது. உறையை அந்த வீட்டம்மா போட்டாங்க. புதுசு மாதிரியே இருக்கட்டும்னு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டாங்க. நீங்க அவங்களைத்தான் தூக்கிப் போட்டுட்டீங்க."

குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடினார். உறை கிடந்த குப்பையை அதற்குள் அள்ளிப் போயிருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

"ராஜாவோட வாளை எத்தனை பேர் தொட்டிருப்பாங்க? ரிமோட்டுக்கு அண்ணன் தங்கச்சி அடிச்சுக்காத வீடு உண்டா?" என்று கேட்பார். அவர் வீட்டுக் கதையை இப்போதுதான் அவர் தங்கை சொன்னார். "எனக்குக் கல்யாணம் ஆனதுக்கப்புறம் ரிமோட் அண்ணன் கையிலயேதான் இருந்துது. பிடுங்கத்தான் ஆள் இல்லை." அந்த வீட்டில் எத்தனை மாலைகளை அவர் ஒற்றையாளாகக் கழித்தார்! நம்மில் ஒருவராவது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோமா?

இந்தப் பொருள்களுக்கு ஒரு காட்சிக்கூடம் கேட்டு ஆண்டுதோறும் விண்ணப்பித்தார். வேறொரு பிரிவுத் தலைவர் பரிந்துரைத்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஒருவரும் இடவில்லை. நானும் இடவில்லை. சென்ற வாரம் அவர் அறையைத் திறந்தேன். மேசைமேல் இந்த ஆண்டின் விண்ணப்பம், முத்து முத்தான எழுத்தில். பரிந்துரை வரி மட்டும் வெறுமை. நின்றபடியே கையெழுத்திட்டேன். அழுதேன்.

அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. விண்ணப்பித்தவர் உயிரோடு இல்லையென்றால் செல்லாதாம்! இந்த மாதத்துக்குள் கூடம் கிடைக்காவிட்டால், அவர் சேர்த்த அத்தனையும் கழிவுக்குப் போகும்.

ஆகவே, அவையோரே, இன்று காலை என் பெயரிலேயே புதிதாக எழுதினேன். ஐயா விட்ட வேலையை இனி நான் சுமப்பேன். அவர் படத்தின்முன் இது என் வாக்கு. தாள் இதோ, என் கையில். பரிந்துரை வரி மறுபடியும் காலி. பிரிவுத் தலைவர்கள் ஒன்பது பேர் இங்கே இருக்கிறீர்கள். யார் எழுந்து வருகிறீர்கள்? ஒருவர் போதும்.