பள்ளிக்கூடச் சரிவில் யாரும் களை எடுக்க வேண்டாம்

மேகம் தவழும் இந்த மேட்டுநிலத்தின் மேன்மைமிகு சபைக்குத் தலைமை தாங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி, திரு. முருகையா அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை முந்தி வந்து பிடித்துக்கொண்ட பெரியவர்களே! வாரத்தில் வாய்த்த ஒரே ஓய்வையும் எனக்குத் தானம் செய்துவிட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் லோரியில் ஏறி வந்து, அதே லோரியில் திரும்பும் அவசரத்தில் இருக்கும் அன்பர்களே! இங்கே பிஸ்கட் கொடுப்பார்கள் என்று நம்பி வந்திருக்கும் என் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"அடுத்து வாத்தியார் கார்த்திகேசு ஆண்டறிக்கை வாசிப்பார், சுருக்கமாக" என்று தலைவர் அறிவித்தார். முதல் பகுதியை நிறைவேற்றுவேன்.

அதற்கு முன் ஒரு பாராட்டு. நான் தானா ராத்தா டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, நேரே இந்தக் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தேன். நுழைந்தவன் நின்றேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் எழுந்த மேடையா இது? தூணெல்லாம் பச்சை, தோரணமெல்லாம் பச்சை! தென்னை வளராத இந்தக் குளிரில் ஓலைக்கு எங்கே போவது என்று கலங்கினேனே, கலங்கிய கண்ணுக்குக் காடே வந்து காட்சி தந்ததே! அலங்காரக் குழுத் தலைவி வடிவம்மாள் அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? பாராட்டினால் கூச்சப்படுவது நம் பண்பு. இருக்கட்டும்.

இனி அறிக்கை. முதலில் புயல்.

சென்ற நவம்பரில் நம் பள்ளிக்குக் கல்வி அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. வந்ததும் என்ன செய்தோம்? கோத்தோங் ரோயோங் போட்டோம். ஊரே கூடி உழைத்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், வாசலைக் கூட்டினோம். அதோடு நின்றிருக்கலாம். நின்றோமா? பள்ளிக்குப் பின்னால் சரிவு. சரிவெல்லாம் பெரணி, புல், பெயர் தெரியாத கொடி. தேயிலைக் காட்டிலே பிறந்து தேயிலைக் காட்டிலே வளர்ந்த நம் கை, ஒரு களையைக் கண்டால் சும்மா இருக்குமா? கங்காணி ஏசுவார் என்ற பயம் நமக்குப் பரம்பரைச் சொத்து. எடுத்தோம். வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று வேரோடு எடுத்தோம். மாலைக்குள் அந்தச் சரிவு என் தலையைப் போல ஆகிவிட்டது. கைதட்டத் தேவையில்லை, அது உவமை.

அன்றிரவு மழை வந்தது. மழையா அது? மலையைக் கரைத்த மழை! மரத்தை முறித்த மழை! கூடவே காற்று. தகரக் கூரையில் ஒரு பகுதி கழன்று, மலைப்பாதையில் இரண்டு வளைவு தள்ளிப் போய், சிவசாமி வீட்டு ஆட்டுக்கொட்டகை மேல் பொருத்தமாக உட்கார்ந்தது. பிடிக்க வேர் இல்லாத மண், மூன்றாம் வகுப்புக்குள் பின்பக்கமாக வந்து, கரும்பலகை உயரத்துக்கு நின்றது. பள்ளிக்குள் பிள்ளைகள் யாரும் இல்லை. மறுநாள் அதிகாரி வந்தார். சுவர் வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னார்.

இரண்டாவது, கல்வி.

அன்று முதல் இந்த மண்டபமே பள்ளி. கம்பளியைத் தொங்கவிட்டு வகுப்புகளைப் பிரித்திருக்கிறோம். கம்பளி காற்றைத் தடுக்கிறது, கணக்கைத் தடுப்பதில்லை. ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்டால் இரண்டாம் வகுப்பிலிருந்து விடை வருகிறது, சில நாள் சரியாகவும் வருகிறது. பூசாரி ஆண்டியப்பன் உச்சிவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவரிடம் மணி அடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அம்மன் பள்ளிக்கு முந்தியவள்.

மூன்றாவது, சுற்றுச்சூழல். இதற்குத்தான் உங்களை அழைத்தேன்.

நாளைக் காலை அதே அதிகாரி மறுபடி வருகிறார். அவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். சரிவு முழுக்கப் பச்சை போர்த்தியிருந்தால் பள்ளியைத் திறக்கலாம். மண் தெரிந்தால் பிள்ளைகளைத் தானா ராத்தாவுக்கு மாற்றிவிடுவார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளின் உயிர். ஆனால் யோசியுங்கள்! அம்சவல்லியின் மகள் நீலாவுக்கு ஏழு வயது. ஒரு வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுக்கும் பிள்ளை, இருட்டில் எழுந்து இத்தனை வளைவும் தினம் போய் வருமா? போகாது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும். அடுத்து கொழுந்துக் கூடையைப் பார்க்கும். மூடிய தோட்டப் பள்ளி மறுபடி திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அதனால்தான் இத்தனை மாதமாக உங்களிடம் கெஞ்சினேன். எடுக்காதீர்கள், எடுக்காதீர்கள், களையை எடுக்காதீர்கள்! அந்தப் பக்கம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். கட்டிக்கொண்டீர்கள். மண் மறைந்தது! புல் மீண்டது! பெரணி நிமிர்ந்தது! வெள்ளிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன், எப்படித் தெரியுமா நின்றது? இதோ, இந்தத் தூணில் நிற்கிறதே, இதே மாதிரி, இதே உயரத்தில், இதே...

கொஞ்சம் பொறுங்கள்.

வடிவம்மாள் அவர்களே. இந்தப் பெரணி எந்தக் காட்டுப் பெரணி?

சத்தமாகச் சொல்லுங்கள். "பள்ளிக்கூடத்துப் பின்னாடிதான் சார், நேத்து சாயங்காலம் புடுங்குனோம் லா." சரி. களை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேனே? "நாங்க களை எடுக்கல சார், தோரணத்துக்கு எடுத்தோம்." நல்லது. அந்த வேறுபாட்டை மழைக்கு யார் போய் விளக்குவது?

தலைவர் அவர்களே, உட்காருங்கள். எனக்குத் தண்ணீர் வேண்டாம்.

முழுச் சரிவுமா அம்மா? "கீழ்ப்பாதி மட்டுந்தான் சார். மேல தொடல." எப்படி எடுத்தீர்கள், அரிவாள் வைத்து அறுத்தீர்களா? "ஐயோ சார், எங்கள என்னன்னு நெனச்சீங்க? வேரோடதான்!" தோரணம் வாடாமல் இருக்க அந்த வேரை என்ன செய்தீர்கள்? "மண்ணு உதறாம ஈரச் சாக்குல சுத்தி, பின்பக்கமாக் கட்டியிருக்கோம்."

சபையோரே! கேட்டீர்களா? நன்றாகக் கேட்டீர்களா? அறுத்திருந்தால் அழிந்தோம். உதறியிருந்தால் ஒழிந்தோம். எந்தக் கை பள்ளியைப் பிடுங்கியதோ, அந்தக் கை அதைப் பழுதில்லாமல் பிடுங்கியிருக்கிறது! தோரணமாய்த் தொங்குவது இலையல்ல. நம் பள்ளிக்கூடம். சாக்குக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பரிசளிப்பு பிறகு. பிஸ்கட்டும் பிறகு, மன்னியுங்கள் செல்வங்களே. மூடுபனி இறங்க இன்னும் நேரம் இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள் முதல் தூணை அவிழ்க்கட்டும். திரிங்காப் அன்பர்களே, உங்கள் லோரி சற்றுத் தாமதமாகப் போகட்டும், முதலில் இதை ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு செடி, பிள்ளைக்கு ஒரு செடி, கிராணி ஐயாவுக்கு இரண்டு. தேயிலை மாதிரி நேர்வரிசையில் நடாதீர்கள், காடு மாதிரி நடுங்கள். நாளைக் காலை அந்தச் சரிவில் பச்சை நிற்க வேண்டும்! நீலா நடந்தே பள்ளிக்கு வர வேண்டும்!

தலைமை ஏற்றவருக்கும், பொறுமை காத்தவர்களுக்கும், மண்டபம் தந்த அம்மனுக்கும் என் நன்றி. வணக்கம்.

வடிவம்மாள் அவர்களே, முதல் செடியை நீங்கள் நடுங்கள். நட்ட பிறகு, தயவுசெய்து, அதைச் சுற்றிக் களை எடுக்காதீர்கள்.