பேரைக் கேட்கும் புரோகிராம்

கண்டியிலிருந்து தெல்தெனியவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஹாட்வெயார் கடையொன்றில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. நரைத்தவர் சொன்னது காதில் விழுந்த பிறகு என்னால் வேறெங்கும் கவனம் வைக்க முடியவில்லை.

“ஒரு அடைப்புக்குறிய மூட மறந்துட்டேன் தம்பி. ஞாயித்துக்கிழமை முழுக்க அதுலயே போச்சு.”

“இந்த வயசுல எதுக்குண்ணே கம்பியூட்டர் புரோகிராம் எழுதப் படிக்கிறீங்க?”

“மக இங்க நம்ம வீட்ல இருக்கும்போது இதப் படிச்சா. மொத மொதல்ல ஒன்ன எழுதிட்டு, ‘அப்பா, இது பேரு கேக்கும், வந்து உங்க பேர அடிங்க’ன்னு கூப்பிட்டா. கடை விட்டு வந்த களைப்புல, நாளைக்கிப் பார்ப்போம்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். பொறகு அவ கூப்பிடவே இல்ல.”

“இப்ப ஜப்பான்ல தானே?”

“ஆமா. அதே மாதிரி ஒன்ன நேத்து நானே எழுதி முடிச்சேன். பேரு என்னன்னு கேட்டுச்சு.”

“உங்க பேர அடிச்சீங்களா?”

குண்டசாலையில் பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது.

“இல்ல, அவ பேர அடிச்சேன். வணக்கம்னு சொல்லிட்டு நின்னுருச்சு. அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.”