நூற்றுக்கு எழுபத்தொரு பேர்

— அப்போ ஜூன் மாசத்தோட மியூசிக் வகுப்புக்கு மூடுவிழாவா, கேரின்?

— வகுப்புக்கு மட்டுமா நெல்டாக்கா? மியூசிக் டீச்சருக்கும்தான். வேலை போச்சுன்னு காலைல கடுதாசியை என் கையில கொடுத்துட்டாங்க.

— பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் வரி கட்டுறோம்னு நூத்துக்கு எழுபத்தொரு பேர் ஓட்டுப் போட்டோமே. கோதுமை நல்ல விலைக்குப் போன வருஷம்கூட முப்பத்தெட்டைத் தாண்டாத ஊர் இது.

— ஊர் தரேன்னு சொன்னா போதாதாம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவுக்கு மேல ஊர்ல வரி வாங்கக் கூடாதுன்னு மாநிலம் வரம்பு வெச்சிருக்கு. இந்த வருஷம் உயர்த்துவாங்கன்னு நம்பித்தான் ஓட்டுக்கு விட்டோம். தலைநகர் ஒலிம்பியாவுல உயர்த்தாமலே சட்டசபையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

— உயர்த்தலைதானே? நிச்சயமா?

— நிச்சயம்க்கா.

— அநியாயம். ஊர் தன் கடமையைச் செஞ்சுடுச்சு, இனி மாநிலம் பாடு. நீ கொண்டாந்த பட்டை ரோல் பன்னு மெத்துனு வந்திருக்கு. பட்டைதான் கொஞ்சம் தூக்கல்.

— ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி சொல்லலாம்னு நேத்து சுட்டது. நாலு டஜன்.

— வெச்சுட்டுப் போ, வீணாகாது. அது சரி, ஸ்போகேன் டவுன்ல உனக்கு டீச்சர் வேலை வந்துச்சாமே? கவரை நான் பார்க்கலை, தபால்காரம்மாதான் சொன்னா.

— வந்துச்சு. ஓட்டு எண்ணின அன்னிக்கே வேண்டாம்னு எழுதிட்டேன். எழுபத்தொண்ணுன்னு கேட்டதும் கார்ல உட்கார்ந்து அழுதேன்க்கா. எனக்காக இவ்வளவு செய்யற ஊரை எப்படி விட்டுட்டுப் போறது?

— அடி அசடே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.

— உங்களை என்ன கேக்கறது? முப்பது வருஷமா வேண்டாம்னே போட்ட நீங்க வாசல் புல்லுல ‘வரிக்குச் சரி’ன்னு ரெண்டு ஓட்டுப் பலகை நட்டீங்க. எதிர்வீட்டு லாயிட் மூணு நட்டாரு. சர்ச்சுல காணிக்கைத் தட்டு கிட்ட வந்தா கண்ணை மூடி ஜெபம் பண்ற மனுஷன்.

— எங்களுக்கு எடுத்துச் சொன்னதே அவன்தானே.

— என்னன்னு?

— ஓட்டுச்சீட்டோட தபால்ல ஒரு புத்தகம் வந்துச்சே. கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல, பள்ளிக்கூடத்துக்காரங்க நீங்களே போட்டிருந்தீங்க, மாநிலம் வரம்பை உயர்த்தினாத்தான் இந்த வரியை வசூல் பண்ணுவோம்னு. லாயிட் அதை ஓட்டல்ல வெச்சு எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டி, மாநிலமாவது உயர்த்தறதாவதுன்னு சிரிச்சான். ஒரு டாலர் செலவில்லாம நல்ல பேரு கிடைக்குதுன்னா, யாரு பொண்ணே வேண்டாம்னு போடுவா?